கழித்தல் குறி ஒண்ணா, ரெண்டா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பு வேண்டும், ஏறக்குறைய 2018-க்குப் பிறகு வந்த பிராசசர் வேண்டும். அதனால் நம்மில் பலர் வீட்டு அலமாரியில் கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கிற ஒரு லேப்டாப் சும்மா கிடக்கிறது. பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கும், ஊரில் இருக்கிற தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதற்கும் அது தாராளமாகப் போதும். "லினக்ஸ் போடுங்க, சரியாயிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். போடுவது அரை மணி, முக்கால் மணி நேர வேலைதான். போட்டு முடித்ததும் சில லேப்டாப்களில் வைஃபை குறியே இல்லாத ஒரு திரை வந்து நிற்கும். இந்த முறை அதைப் பற்றித்தான்.

நான் இதைப் பார்த்தது என் வீட்டு லேப்டாப்பில் இல்லை. மியான்மரில் யாங்கோன் பக்கத்துத் தன்லியினில் இருக்கிற ஒரு லேப்டாப்பில். நான் இருப்பது லண்டனில். இரண்டுக்கும் நடுவில் குளிர்காலத்தில் ஆறரை மணி நேர வித்தியாசம்.

தன்லியின் என்றால் பலருக்குத் தெரியாது. நம்ம தாத்தா காலத்து ஆட்களிடம் 'சிரியம்' என்று சொல்லிப் பாருங்க, தெரியும். பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இருந்த ஊர். யாங்கோனிலிருந்து பாகோ ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். 1993-ல் பாலம் கட்டும்வரை படகுதான். ஆலை வேலைக்கும் வயல் வேலைக்கும் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு யாங்கோனிலிருந்தும் கூட்டம் வரும்.

என் அம்மா பிறந்தது அங்கேதான். 1964-ல் கடைகள் தேசியமயமாகி, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட வருஷம், ஆறு வயதுப் பிள்ளையாக அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார். அப்போது இருபது வயதான பெரிய மாமா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு பரமக்குடிப் பக்கம் இருந்த அம்மாச்சி, மகனுக்கு வருஷக்கணக்காகக் கடிதம் எழுதினார். மாமா அத்தனையையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். மொத்தம் 61 கடிதங்கள்.

மாமாவுக்கு இப்போது 81 வயது. ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என் மச்சான், அதாவது மாமா மகன், தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்து தெரியாது. மச்சான் மகளுக்குப் பதினைந்து வயது. அவளும் அப்படியே: சரளமாகப் பேசுவாள், படிப்பதும் எழுதுவதும் பர்மியத்தில். என் மகனுக்குப் பதினொன்று. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி புண்ணியத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பான், ஆனால் பேசச் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே ஆங்கிலம் வந்துவிடும். உங்கள் வீட்டிலும் இதில் ஏதாவது ஒரு ரகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாமா ஒரு நாள் போனில் சொன்னார்: "எனக்கப்புறம் இந்த டப்பாவ என்ன செய்யுறதுன்னு தெரியல. தூக்கிப் போட மனசில்ல. வச்சிருந்தாலும் யாரு படிப்பா?" அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஒருத்திக்குப் பேச்சு இருக்கு, ஒருத்தனுக்கு எழுத்து இருக்கு. இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உட்கார வைத்து, மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு கடிதமாகப் படித்தால் என்ன?

போனிலேயே செய்யலாமே என்பீர்கள். அந்த வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். அது மச்சானோடு கடைக்குப் போய்விடும், ஞாயிறும் கடை உண்டு. வீட்டில் இருப்பது பத்து வருஷத்துக்கு மேலான ஒரு லேப்டாப். பக்கத்து வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் பாஸ்வேர்டு தருவார்கள். 2014-ல் புதுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு விற்கும்வரை மியான்மரில் செல்போனே பணக்காரர் பொருள். 2021-ல் ஆட்சி மாறிய பிறகு ஏப்ரலில் கம்பியில்லா இணையத்தை நிறுத்தியபோது ஃபைபர் இருந்த வீடுகளுக்கு மட்டும் தொடர்பு இருந்தது. அதனால் அந்தப் பக்கத்து வீட்டுப் பெட்டி பெரிய விஷயம். ஆனால் நடுவில் சுவரும் சந்தும் இருக்கிறது, கேபிள் இழுக்க வழியில்லை. ஆக லேப்டாப்பில் வைஃபை வேலை செய்தால்தான் வகுப்பு.

லேப்டாப்பில் விண்டோஸ் திறக்கவே கால் மணி நேரம் ஆனது. மச்சான் யாங்கோனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி வாங்கிவந்தான். இங்கே ஒன்று கவனியுங்க. பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடவிட்டுப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு; ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, சத்தம், கேமரா மூன்றையும் அதிலேயே சோதித்துவிட்டு, பிறகு நிறுவுங்கள். மச்சான் மகள் அப்படிப் பார்த்தபோதே வைஃபை வரவில்லை. கேமராவும் சத்தமும் வந்தன. வைஃபையைப் பிறகு பார்க்கலாம் என்று தெரிந்தே நிறுவினோம்.

வைஃபை ஏன் சில லேப்டாப்களில் வருவதில்லை? கணினிக்கும் வைஃபை சிப்புக்கும் ஒரே பாஷை கிடையாது. நடுவில் துபாஷி வேண்டும். அந்த துபாஷிக்குப் பேர் டிரைவர். லினக்ஸின் உட்கரு, அதாவது கர்னல், ஆயிரக்கணக்கான சிப்புகளுக்குத் துபாஷியைத் தன்னோடேயே வைத்திருக்கிறது. சில சிப்புகளுக்கு அதைச் செய்த கம்பெனி மூல நிரலை வெளியிடவில்லை. மூடிய டிரைவரைத் தனியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு வகையில் டிரைவர் இருக்கும், ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்கிற சின்னக் கோப்பு இருக்காது. டெபியன் என்கிற லினக்ஸ் பல வருஷம் இந்த மூடிய ஃபர்ம்வேர்களைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே இருந்தது. 2022-ல் அதன் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்துதான் சேர்த்தார்கள். அதனால் பழைய டெபியன் சிடி வைத்திருப்பவர்கள் அதைப் போட வேண்டாம்.

இனி வேலை. தன்லியினில் இரவு ஒன்பதரை, லண்டனில் மதியம் மூன்று. மச்சான் கடை சாத்தி வந்திருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப் பக்கத்தில் வைத்தார்கள்.

முதலில் அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல லேப்டாப்களில் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச், அல்லது எஃப்என் கீயோடு சேர்த்து அமுக்கும் ஆன்டெனா படம் போட்ட கீ இருக்கும். கறுப்புத் திரையான டெர்மினலைத் திறந்து "ஆர், எஃப், கே, ஐ, எல், எல், ஒரு இடைவெளி, எல், ஐ, எஸ், டி" என்று அடிக்கச் சொன்னேன். வைஃபை அட்டை அந்தப் பட்டியலில் வந்து 'ஹார்ட் பிளாக்டு' என்றால் சுவிட்ச், 'சாஃப்ட் பிளாக்டு' என்றால் மென்பொருள் அடைப்பு. எங்களுக்கு அங்கே வைஃபை பேரே வரவில்லை. அப்படியென்றால் துபாஷி இல்லை.

இரண்டாவது, சிப்பு எது என்று தெரிய வேண்டும். லேப்டாப்புக்குள் இருக்கும் அட்டை என்றால் "எல், எஸ், பி, சி, ஐ", இடைவெளி, கழித்தல் குறி, "என், என், கே". வெளியே செருகும் யுஎஸ்பி அடாப்டர் என்றால் "எல், எஸ், யு, எஸ், பி". வரும் நீளப் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். கம்பெனி பேரைவிட முக்கியம், அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண். நாலு நாலாக எட்டு எழுத்து, நடுவில் முக்காற்புள்ளி. முதல் நாலு கம்பெனியின் அடையாளம். 8086 என்று இருந்தால் இன்டெல். 1978-ல் அவர்கள் கொண்டுவந்த பிராசசரின் பேரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது நாலு, அந்தச் சிப்பு. பெட்டியின் மேல் அச்சிட்ட மாடல் பேரை நம்ப முடியாது, இந்த எட்டை நம்பலாம். அந்த வரிக்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி வர வேண்டும். எங்களுக்கு வரவில்லை. எட்டு எழுத்தையும் அவள் போட்டோ எடுத்து அனுப்பினாள். தேடிப் பார்த்ததில், மூடிய டிரைவர் வேண்டிய ரகம்.

மூன்றாவது, எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இதற்கு வழி, கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். யுஎஸ்பி கேபிளில் போனை லேப்டாப்போடு இணைத்து, போன் அமைப்பில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இருக்கும் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்தால், லேப்டாப் அதைக் கம்பி இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும். டிரைவர் ஏதும் தேவையில்லை. மச்சான் செருகினான், ஒன்றும் நடக்கவில்லை. "வேற கேபிள் இருக்கா?" என்றேன். சில மலிவான கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போகாது. மூன்றாவது கேபிளில் வந்தது.

நாலாவது, மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்று தேடித் திறக்க வேண்டும். அதுவே சிப்பைப் பார்த்து, 'ரெகமெண்டட்' என்று போட்டு டிரைவரைக் காட்டும். தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் இறக்கும், பிறகு உங்கள் கர்னலுக்கு ஏற்ற மாதிரி அங்கேயே தைத்துக்கொள்ளும். ரெடிமேட் சட்டை இல்லை, அளவெடுத்துத் தைப்பது. பழைய லேப்டாப்பில் சில நிமிஷம் பிடிக்கும். அந்தச் சில நிமிஷத்துக்குள் தன்லியினில் கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. திரை அணைந்தது.

"மாமா, போச்சா?" என்றாள்.

போகவில்லை. இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பாதியில் நின்ற நிறுவலை லினக்ஸ் குறித்து வைத்திருக்கும். மறுநாள் இரவு கரண்ட் வந்ததும் ஒரே ஒரு கட்டளை. "எஸ், யு, டி, ஓ. இடைவெளி. டி, பி, கே, ஜி. இடைவெளி. கழித்தல் குறி, கழித்தல் குறி, ஒட்டினாப்ல சி, ஓ, என், எஃப், ஐ, ஜி, யு, ஆர், இ. இடைவெளி. கழித்தல் குறி, ஏ."

"மாமா, கழித்தல் குறி ஒண்ணா, ரெண்டா?"

"முதல்ல ரெண்டு. கடைசில ஒண்ணு."

பின்னாலிருந்து பெரிய மாமா, "ரெண்டுக்கும் நடுவுல இடம் விடணுமான்னு கேளு" என்றார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. விடக்கூடாது.

விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்து முடிந்தது. நடுவில் ஒரு பாஸ்வேர்டு கேட்டது. இது செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு இருக்கும் லேப்டாப்களில் வரும். வெளியிலிருந்து வந்த டிரைவரை நீங்கள்தான் போட்டீர்கள் என்று உறுதி செய்வதற்காக. ஒரு சின்ன பாஸ்வேர்டு வைத்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி ஆன் செய்யும்போது ஒரு நீலத் திரை வரும். அது பத்து நொடிதான் நிற்கும். ஏதாவது ஒரு கீயை அமுக்காவிட்டால் போய்விடும், வைஃபையும் வராது. அமுக்கினால் 'என்ரோல் எம்ஓகே', பிறகு 'கன்டினியூ', பிறகு 'எஸ்', பிறகு அந்தப் பாஸ்வேர்டு, பிறகு 'ரீபூட்'. இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். விரலைக் கீபோர்டின் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்ததாகச் சொன்னாள்.

வைஃபை குறி வந்துவிட்டது. தெருவில் உள்ள பேரெல்லாம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பேர் மட்டும் இல்லை.

காரணம் சுலபம். இப்போது வரும் ரூட்டர்கள் இரண்டு அலைவரிசையில் பேசும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். பழைய அட்டைகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். பக்கத்து வீட்டில் வேகமான 5-ன் பேரைச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் அவர்களிடம் கேட்டு, 2.4-ன் பேரையும் வாங்கிவந்தாள். அது எங்களுக்கு நல்லதும்கூட. வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டி வருவதில் 2.4-தான் மேல்.

புது அடாப்டர் வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மீடியாடெக் எம்டி7612யூ நல்ல உதாரணம். ரியல்டெக் யுஎஸ்பி சிப்புகள் சிலவற்றுக்கு 2023-ல் வந்த கர்னல் 6.2-லிருந்துதான் உள்ளேயே டிரைவர் உண்டு. அதனால் அடாப்டரை மாற்றுவதற்கு முன் புதிய லினக்ஸ் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். ஒரே மாடல் பேரில் 'வெர்ஷன் 2', 'வெர்ஷன் 3' என்று உள்ளே சிப்பை மாற்றி விற்பதும் உண்டு, வெர்ஷனையும் பாருங்கள். சில அடாப்டர்கள் செருகியதும் விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி மாதிரி நடிக்கும். கோப்பு மேலாளரில் அந்த சிடியை 'எஜெக்ட்' செய்தால் அடாப்டராக மாறிவிடும்.

இன்னொன்று. பிறகு ஒரு நாள் புதுப்பிப்பு வந்து கர்னல் மாறி, வைஃபை போய்விட்டால் பயப்பட வேண்டாம். ஆன் செய்யும்போது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதில் பழைய கர்னல் இருக்கும். அதில் போனால் வைஃபை வரும், நிதானமாகச் சரிசெய்யலாம்.

வகுப்பு ஆரம்பித்து ஒன்பது ஞாயிறு ஆகிறது. லண்டனில் காலை எட்டு, அங்கே மதியம் இரண்டரை. அவள் கடிதத்தைக் கேமரா முன் பிடிப்பாள், இவன் எழுத்துக்கூட்டுவான். முதல் கடிதத்திலேயே தடுக்கி நின்றான். "இது என்ன லெட்டர்? டீச்சர் சொல்லித் தரவே இல்ல." லை என்ற எழுத்துக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன் ணை, லை, ளை, னை நாலையும் அப்படித்தான் எழுதினார்கள். ணா, றா, னா மூன்றும்கூட வேறு மாதிரி. மாமா ஒரு தாளில் ஏழையும் பெரிதாக எழுதிக் கேமராவில் காட்டினார். கை கொஞ்சம் நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை. இப்போது அந்த ஏழையும் அவளும் எழுதுகிறாள்.

படிப்பது இவன், அர்த்தம் சொல்வது அவள். "நலமறிய அவா" என்று இவன் படித்து, "அவான்னா யாரு?" என்று கேட்டான். "ஆள் இல்லடா, ஆசை. நல்லா இருக்கியான்னு தெரிஞ்சுக்க ஆசை" என்றாள். இதைத் தமிழில் கேட்டு, தமிழில் சண்டை போட்டு, தமிழில் சிரிக்கிறார்கள். வகுப்புக்குப் பணம் கட்டி இத்தனை வருஷத்தில் நான் கேட்காத சத்தம்.

இன்னும் 52 கடிதங்கள் இருக்கின்றன. கரண்ட் போகும் ஞாயிறுகளைக் கழித்தால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். மாமா அவசரப்படவில்லை. வாரம் ஒன்றுதான், இரண்டாவது பிரிக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு.

உங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பை ஊருக்கு அனுப்புவதாக இருந்தால், சிப்பின் எட்டு எழுத்து, செக்யூர் பூட் பாஸ்வேர்டு, டேட்டா போகிற கேபிள் எது, 2.4-ன் பேர் எது, பாதியில் நின்றால் அடிக்க வேண்டிய கட்டளை, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தன்லியின் லேப்டாப்பில் அவள் ஒட்டியிருக்கிறாள். கட்டளையில் முதல் கழித்தல் குறிகளுக்கு மேலே தமிழில், பழைய முறை ணா வைத்து, "ரெண்டா" என்று எழுதிப் பார்த்திருக்கிறாள். மாமா அதைத் திருத்தி, அங்கே வர வேண்டியது டகரம் என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.